எறிந்த கசட்டுகளும் எஞ்சிய அல்பங்களும்

எக்காலத்துக்கும் பிடித்த இசை அல்பங்களைப் பட்டியலிடுவது மேற்கு நாடுகளில் விளையாட்டாகவும் இருக்கிறது, விமர்சன மரபாகவும் இருக்கிறது. ரோலிங் ஸ்டோன் சஞ்சிகை 2003இல் 500 அல்பங்களை வரிசைப்படுத்தியபோது முதலிடத்தில் இருந்தது பீட்டில்ஸ் குழுவின் 'சார்ஜன்ட் பெப்பர்ஸ்'. 2020இல் புதிதாக வாக்கெடுத்தார்கள். அது 24ஆம் இடத்துக்கு இறங்கிவிட, மார்வின் கேயின் 'வட்ஸ் கோயிங் ஒன்' மேலே வந்தது. இரண்டு தட்டுகளிலும் ஒரு சுரங்கூட மாறவில்லை, வாக்களித்தோர்தான் மாறியிருந்தனர். ஆகவே இத்தகைய பட்டியல் இசையைப் பற்றிச் சொல்வதைவிடப் போட்டவரைப் பற்றித்தான் கூடுதலாகச் சொல்கிறது எனலாம். என் பட்டியலையும் வாசகர் அப்படியே எடுத்துக்கொள்ளட்டும்.

எங்கள் பாடசாலை ஆசிரியர் ஓய்வறையில் ஓர் இடைவேளையில் இந்தக் கேள்வியைப் போட்டுப் பார்த்தேன். கேட்டது அல்பம், வந்த விடையெல்லாம் பாட்டு. சிலர் படப்பெயர் சொன்னார்கள். இதில் வியப்பில்லை. அல்பம் என்ற சொல்லே புகைப்பட அல்பம் போல, 78 சுழற்சித் தட்டுகள் பலவற்றை உறைகளில் செருகிக் கட்டிய புத்தகத்திலிருந்து வந்தது. 1948இல் கொலம்பியா நிறுவனம் நீண்ட நேர இசைத்தட்டை அறிமுகப்படுத்திய பிறகு, ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 20 நிமிடம் என்ற அளவு கலைஞனுக்குக் கிடைத்தது. எதை முதலில் வைப்பது, எதில் பக்கத்தை முடிப்பது என்ற யோசனை அதற்குப் பிறகுதான் ஒரு கலையாக வளர்ந்தது. நாங்களோ துண்டுக் கடதாசியில் பாட்டுப் பெயர்களை எழுதிக் கடையில் கொடுத்து, 90 நிமிடக் கசட்டில் அடித்து வாங்கிக் கேட்டு வளர்ந்தவர்கள். வரிசை எங்கள் வரிசை, கலைஞனுடையது அல்ல.

என் அளவுகோலைச் சொல்லிவிடுகிறேன். இருபத்திரண்டு வயதில், மார்க்கப் பற்று மேலோங்கிய ஒரு ரமழானில், என்னிடமிருந்த கசட்டுகளின் நாடாவையெல்லாம் உருவி எறிந்தேன். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. வாப்பாகூட, "ஏன் மனே, காசு குடுத்து வாங்கினதுதானே" என்று மட்டும் கேட்டார். பிறகு ஏழெட்டு வருடம் நான் பாட்டே கேட்கவில்லை. அந்த இடைவெளியில் பெரும்பாலானவை மறந்துபோயின. சில மட்டும், ஒரு பாட்டு முடிந்ததும் அடுத்தது தானாகத் தொடங்கும்படி, வரிசை குலையாமல் மனதுக்குள் ஓடிக்கொண்டிருந்தன. அவையே என் அல்பங்கள்.

இதை எங்கள் இஸ்லாம் பாட ஆசிரியரான மௌலவியிடம் சொன்னபோது, "சேர், கேட்டத மறந்தாப் போதும், பட்டியல் போடத் தேவல்ல" என்றார்.

"மறக்க ஏலாமப் போனதத்தான் மௌலவி பட்டியல் போடுறன்."

அவர் சிரித்தார், ஒப்புக்கொள்ளவில்லை. இசை பற்றிய மார்க்கத் தீர்ப்புக்குள் நான் நுழையப் போவதில்லை. இமாம் கஸ்ஸாலி 'இஹ்யா'வில் செவிமடுத்தலுக்கென்றே தனி நூற்பகுதி ஒதுக்கி நிபந்தனைகளோடு இடங்கொடுத்தார், இமாம் இப்னு தைமிய்யா கடுமையாக மறுத்தார். பெரியவர்களே ஒன்றுபடாத விடயத்தில் தமிழ்ப் பாட ஆசிரியன் முடிவு சொல்வதற்கில்லை. ஆனால் இந்தக் கருத்து வேறுபாட்டைத் தன் உயிரிலேயே சுமந்த ஒரு கலைஞன் இருக்கிறார். என் பட்டியலில் முதலிடம் அவருக்குத்தான்.

'டீ ஃபோர் த டில்லர்மேன்', 1970. அப்போது அவர் பெயர் கட் ஸ்டீவன்ஸ், வயது 22. முந்திய வருடம் காசநோயால் ஆஸ்பத்திரியில் மாதக்கணக்காகக் கிடந்து மீண்டவர். உறைப்படத்தையும் அவரே வரைந்தார். 'ஃபாதர் அன்ட் ஸன்' என்ற பாடல் இதில்தான் இருக்கிறது. ரஷ்யப் புரட்சியைப் பற்றிய ஓர் இசை நாடகத்துக்கென எழுதப்பட்டது அது. புரட்சியில் சேரத் துடிக்கும் மகன், பொறு என்று தடுக்கும் தந்தை. இரண்டு பேரையும் ஒரே குரல் பாடுகிறது. தந்தைக்குத் தாழ்ந்த தொனி, மகனுக்கு உச்சத் தொனி. இருவரில் யார் சரி என்று பாட்டு சொல்வதில்லை. அல்பத்தின் தலைப்புப் பாட்டு இதற்கடுத்து, கடைசியில், ஒரே நிமிடத்தில் வந்து முடிந்துவிடுகிறது. கனமானதொன்றின் பின்னால் இப்படிச் சிறியதை வைக்கத் துணிந்ததைத்தான் வரிசை அறிந்த கலை என்கிறேன்.

1977இல் அவர் இஸ்லாத்தைத் தழுவினார். 1978இல் ஒரு அல்பத்தோடு நிறுத்திக்கொண்டு, யூஸுஃப் இஸ்லாமாக லண்டனில் முஸ்லிம் பிள்ளைகளுக்குப் பாடசாலை நடத்தினார். 1995இல் இறுதி நபி (ஸல்) அவர்களின் வாழ்வைப் பெரும்பாலும் பேச்சாகவே பதிந்து வெளியிட்டார். மகன் வீட்டுக்குக் கொண்டு வந்த கிட்டாரை ஒருநாள் கையில் எடுத்த பிறகு, 2006இல் 'என் அதர் கப்' வந்தது. 28 வருட இடைவெளி! என் ஏழெட்டு வருடத்தை அதன் பக்கத்தில் வைக்க வெட்கமாக இருக்கிறது.

2020இல், 72 வயதில், அதே பழைய அல்பத்தை முழுதாக மீண்டும் பாடி வெளியிட்டார். அதில் 'ஃபாதர் அன்ட் ஸன்' பாடலைக் கேட்டுப் பாருங்கள். தந்தையாக இன்றைய கிழக்குரல், மகனாக 1970இல் லொஸ் ஏஞ்சலிஸ் மேடையொன்றில் பதிவான அவரது இளங்குரல். இது தொழில்நுட்ப வித்தை என்று எங்கள் இளம் தகவல் தொழில்நுட்ப ஆசிரியர் தள்ளிவிட்டார். மற்றப் பாடல்களைப் பொறுத்தவரை நானும் பழைய தட்டின் பக்கம்தான், புதியதில் அலங்காரம் கூடிவிட்டது. ஆனால் இந்த ஒரு பாட்டு வித்தையல்ல. தான் துறந்த குரலுக்குத் தானே தகப்பனாக நின்று பதில் சொல்கிறார். நாடாவை உருவிய அந்த இருபத்திரண்டு வயதுப் பொடியனுக்கு நான் என்ன சொல்வேன் என்று அன்றிரவு யோசித்துக்கொண்டு படுத்தேன். அவனைப் பிழை என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

இரண்டாமிடம் இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்', 1986. தியாகராஜருக்கும் பாக்குக்கும் சமர்ப்பணம். பாக்கை என் வீட்டில் சந்தித்தேன் என்று ஒரு உருப்படி, நாங்கள் பேசிக்கொண்டோம் என்று அடுத்தது. தலைப்பே கதையைத் தொடர்வதால் இடம் மாற்றிக் கேட்க முடியாது. படப் பாடல்களில் இளையராஜாவைத் தேடுவோருக்கு, சொல்லும் நடிகரும் இல்லாத இடத்தில் அவர் என்ன செய்வார் என்று இது காட்டும்.

மூன்றாவதில்தான் சண்டை. நுஸ்ரத் ஃபதே அலி கான் என்பதில் எல்லோரும் ஒன்று, எது என்பதில் பிளவு. மைக்கல் புரூக்கோடு செய்த 'மஸ்த் மஸ்த்' (1990) என்பது இளையவர்களின் கட்சி. எனக்கு அதற்கு முந்திய வருடத்து 'ஷஹென் ஷா'. கவ்வாலி என்பது ஹார்மோனியமும் கைதட்டலும் துணைக்குரல்களும் மெல்ல மெல்ல ஏற்றி உச்சத்துக்குக் கொண்டுபோகும் வடிவம். சபையில் ஓர் உருப்படி அரைமணி நேரமும் போகும். அதை ஐந்தாறு நிமிடப் பாட்டாகச் சுருக்கினால் குரல் மிஞ்சும், ஏற்றம் போய்விடும். "பிள்ளைகள் அரைமணி நேரம் கேக்க மாட்டாங்க சேர்" என்றார் தகவல் தொழில்நுட்ப ஆசிரியர். அது உண்மைதான், ஆனால் அது நுஸ்ரத்தின் குறையா?

ஸாமி யூஸுஃபின் 'மை உம்மா'வை (2005) எடுப்பதா என்று நெடுநேரம் யோசித்து விட்டுவிட்டேன். வாத்தியங்களோடு ஒன்று, தாள வாத்தியம் மட்டும் வைத்து ஒன்று என இரு வடிவில் வந்தது அது. இரண்டு ஃபத்வாவுக்கும் இடம் வைத்த நேர்மையை மதிக்கிறேன். ஆனால் வாத்தியத்தைக் கழற்றினாலும் பெரிதாக எதுவும் இழக்காத இசையில் அந்த வாத்தியம் முதலில் என்ன செய்துகொண்டிருந்தது?

நாகூர் ஈ. எம். ஹனீபா? எங்கள் வீடுகளில் அவரைவிட அதிகம் ஒலித்த குரல் கிடையாது. கலியாண வீட்டிலும் வானொலி முஸ்லிம் சேவையிலும் கேட்டு மனனமானவை அவை, கசட்டோடு சேர்த்து எறிய முடியாதவை. ஆனால் என்னிடமிருந்த மூன்று ஹனீபா கசட்டுகளிலும் பாதிப் பாட்டு ஒரே பாட்டுகள், வரிசை மட்டும் வேறு. அவை தொகுப்புகள், நான் சொல்லும் பொருளில் அல்பங்கள் அல்ல. அதனால் நாலாவது இடத்தைக் காலியாக விட்டுப் பட்டியலை ஓய்வறைப் பலகையில் எழுதி வைத்தேன்.

மறுநாள் காலையில் நாலாவது இடத்தில் ஹனீபாவின் பெயர் இருந்தது. கையெழுத்து மௌலவியுடையது.