கையெழுத்துப் போட்டுவிட்டு இறக்கும் ஆசிரியன்

ஆசிரியன் இறந்துவிட்டான் என்று நாம் சிற்றிதழ்களில் எழுதிக் குவித்தாயிற்று. ஈமாக்ஸ் என்கிற எடிட்டருக்கு ஒரு பிளகின், அதாவது செருகுநிரல், எழுதிக் கொடுக்கப் போனால் செத்தவனைக் கூப்பிட்டுக் கையெழுத்துக் கேட்கிறார்கள்.

பிரதிகளை எழுதவும் திருத்தவுமான இந்த மென்பொருளை 1985இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் வெளியிட்டார். மூலநிரல் எவருக்கும் திறந்தது. யாரும் கூட்டி எழுதலாம். ஆனால் மையத்திலோ, அதன் செருகுநிரல் கிடங்கான குனு எல்பாவிலோ சேரவேண்டுமென்றால், ஏறத்தாழ 15 வரிக்கு மேல் போனாலே பதிப்புரிமையைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளைக்கு எழுதிக் கொடுக்கவேண்டும்.

சொத்துடைமை பின்வாசல் வழியாக வருகிறது என்று அவசரப்பட வேண்டியதில்லை. தொடக்ககால ஈமாக்ஸில் ஜேம்ஸ் காஸ்லிங் எழுதிய எடிட்டரின் பகுதிகள் இருந்தன. காஸ்லிங்கிடம் உரிமை வாங்கிய யூனிபிரஸ் கம்பெனி தடுத்தது. ஸ்டால்மன் அவற்றைத் தூக்கிவிட்டுத் திரும்ப எழுத நேர்ந்தது. உரிமை ஒரே கையில் இருந்தால்தான் கோர்ட்டில் நின்று காப்பாற்ற முடியும் என்பது அறக்கட்டளையின் வாதம். எழுதியவருக்குத் தன் நிரலை இஷ்டப்படி பயன்படுத்தும் உரிமையும் திரும்பக் கிடைக்கிறது.

எனக்குச் சிக்கல் வேறிடத்தில். சில சமயம் முதலாளியின் கையெழுத்தும் கேட்கப்படுகிறது. ராத்திரி வீட்டில் உட்கார்ந்து எழுதினது கம்பெனிக்குச் சொந்தமில்லை என்று கம்பெனியே சொல்லணும்! வேலை நேரம் முடிந்த பிறகும் உழைப்பவரின் மூளை யாருக்குரியது என்ற கேள்வியை இந்தத் தாள் போட்டு உடைக்கிறது. இதை அறக்கட்டளை உண்டாக்கவில்லை. வேலை ஒப்பந்தங்களில் ஏற்கனவே பதுங்கியிருந்ததை வெளியே இழுத்துப் போட்டது, அவ்வளவுதான். உரிமத்தை வரிவரியாக வாசிக்கும் தோழர்கள் இந்தத் தாளையும் ஒருமுறை வாசிக்கலாம்.

தாளே கேட்காத இடத்தில் மட்டும் விடுதலையா? மைக்ரோசாப்டின் விஎஸ் கோட் எடிட்டருக்கு எழுதினால் உரிமை எழுதியவரிடமே இருக்கும். ஆனால் அது போய்ச் சேரும் சந்தையின் விதிப்படி, அங்கிருந்து இறக்கியதை அந்தக் கம்பெனியின் தயாரிப்புகளில்தான் பயன்படுத்தலாம். அதே மூலநிரலில் பிறந்த விஎஸ்கோடியம், எக்லிப்ஸ் அறக்கட்டளை நடத்தும் ஓப்பன் விஎஸ்எக்ஸ் என்ற வேறு கிடங்கை நாடவேண்டியிருக்கிறது.

ஈமாக்ஸின் புகழ்பெற்ற செருகுநிரல் மேகிட், பலர் கைபட்டது. அத்தனை பேரின் தாளும் சேரவில்லை; குனு எல்பாவுக்குள் அது நுழையவுமில்லை. தாள் கேட்காத, குனு சாராத எல்பா ஒன்று பிறகு திறக்கப்பட்டு, 2022இல் வந்த ஈமாக்ஸ் 28இல் முன்கூட்டியே இணைக்கப்பட்டது. மேகிட் இப்போது அங்கே கிடைக்கிறது. மையம் விளிம்புக்கு இடம் கொடுத்துவிட்டது என்று இதைக் கொண்டாட எனக்கு மனமில்லை. மெல்பா என்ற வெளிக் கிடங்கிலிருந்து சனங்கள் அதை எடுத்துப் பயன்படுத்திக்கொண்டுதானே இருந்தார்கள்.