பற்றும் ஆய்வும்: பாவாணரின் சொற்பிறப்பியலை முன்வைத்து

மொழிப்பற்று ஆய்வுக்குத் தூண்டுகோலாக அமைவதுண்டு. அப்பற்றே முடிவையும் வகுத்துவிடுமாயின் ஆய்வு அங்கேயே நின்றுவிடுகிறது. இவ்விரு நிலைகளையும் தேவநேயப் பாவாணர் (1902-1981) பணியில் ஒருசேரக் காணலாம்.

சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி (1924-1936) தமிழ்ச் சொற்கள் பலவற்றை வடமொழி வழியினவாகக் காட்டியது என்பது பாவாணரின் குற்றச்சாட்டு. இதனை வெறும் உணர்ச்சி என்று தள்ளுதல் இயலாது. வடமொழியில் திராவிடச் சொற்கள் புகுந்துள்ளமையைக் கால்டுவெல் 1856இலேயே எடுத்துக்காட்டினார். பர்ரோ, எமனோ ஆகியோரின் திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி (1961) அவ்வாய்வுக்கு உறுதியான அடித்தளம் அமைத்தது. நீர், மீன் என்னும் சொற்களுக்குக் கன்னடம், தெலுங்கு முதலிய மொழிகளில் இனச்சொற்கள் உள்ளமையே அங்குச் சான்றாகிறது.

பாவாணரின் நெறியோ வேறு. தமிழ் வேர் ஒன்றினைக் கொண்டு, அதன் பொருள் விரியும் முறையை வகுத்து, பிற குடும்ப மொழிச் சொற்களையும் அதனுள் அடக்கினார். தமிழே உலக முதன்மொழி, குமரிக்கண்டமே அதன் பிறப்பிடம் என்னும் முடிவுகள் முன்னரே நிலைபெற்றுவிட்டன. ஒலியொப்புமைக்கு ஒழுங்கான விதி வேண்டும் என்னும் கட்டுப்பாடு அதனால் தளர்ந்தது. எச்சான்று கிடைத்தால் இக்கொள்கை கைவிடப்படும் என்னும் வினாவுக்கு அவர் நெறியில் விடையில்லை. விளைவாக, அவர் சுட்டிய உண்மையான பிழைகளும் மிகைக் கூற்றுகளோடு சேர்த்துப் புறக்கணிக்கப்பட்டன.

இத்தீங்கு ஒரு சாரார்க்கே உரியதன்று. வடமொழியோடு ஒத்த சொல்லெல்லாம் அங்கிருந்தே வந்தது எனக் கொள்வதும் ஆராயாத நம்பிக்கையே. பேரகராதியின் பதிப்பாசிரியர் வையாபுரிப் பிள்ளையின் காலக் கணிப்புகள் மறுக்கத்தக்கனவாயின், அவற்றைத் திருத்த வேண்டியவை கல்வெட்டும் ஒப்பாய்வுமே. அவரைத் தமிழ்ப் பகைவர் எனப் பழித்தமை எந்தக் கணிப்பையும் திருத்தவில்லை.

1916இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய மறைமலையடிகள், வேதாசலம் என்னும் தம் பெயரையே தமிழாக்கிக்கொண்டார். கொள்கையும் ஆளும் ஒன்றாதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா. எனினும் சாகுந்தலத்தை மொழிபெயர்த்த அவர், இயக்கம் தொடங்கிய பின்னரும் அந்நாடகம் குறித்து ஆராய்ச்சி நூல் எழுதினார். கொள்கையில் உறுதியாக நின்றும் பிறமொழிப் படைப்பின் சுவையை அவர் மறுக்கவில்லை.

மொழிபெயர்ப்பாளர்க்கு இச்சிக்கல் அன்றாடம் எழுவது. அந்தமான் தலைநகரில் (போர்ட் பிளேர், 2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்றது) டெய்ரி ஃபார்ம் என்றொரு பகுதி உண்டு. 1858இல் தண்டனைக் குடியிருப்பு ஏற்பட்ட அத்தீவுகளில் வங்காளம், தமிழ், தெலுங்கு, மலையாளம் முதலிய மொழியினர் இந்துஸ்தானியைப் பொதுமொழியாகக் கொண்டு பழகுகின்றனர். அப்பெயரைப் 'பாற்பண்ணை' என்று பெயர்த்தால் சொல் தூய்மை பெறும், முகவரி தொலைந்துபோகும். அவ்விடத்தைச் சுட்டுவதே அப்பெயரின் பணி. மாடு வளர்த்துப் பால் கறக்கும் இடத்தைக் குறிக்குமிடத்து 'டெய்ரி ஃபார்ம்' என்று எழுதுதலும் பொருந்தாது. அதற்குப் பால்பண்ணை என்னும் வழக்குச் சொல் உள்ளது.

ஆகவே, சொல் எந்த மொழியினது என்பதற்கு முன்னர், அவ்விடத்தில் அது என்ன பணி செய்கிறது என்பதை ஆராய்தல் வேண்டும். பாவாணர் பதிவுகளையும் இவ்வாறே ஒவ்வொன்றாக ஒப்பியல் விதிகளுக்கு உட்படுத்திக் கொள்வன கொண்டு தள்ளுவன தள்ளுதல், அவர் உழைப்புக்குச் செய்யத்தக்க மதிப்பாகும்.