கடைசி வரிசைக்கும் ஒரு கடிகாரம்

முதல் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்தவர்களுக்காக: டைமிங் சிப், ஓடிப் பார்த்த அனுபவத்தில்

கனகசெட்டிக்குளத்தில் விடியற்காலை ஐந்து மணிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரமாக ஓடுகிறவர்கள் நாலைந்து பேர் இருக்கிறோம். காலாப்பட்டு, பிள்ளைச்சாவடி என்று தெற்கே போனால் புதுச்சேரி முடிந்து தமிழ்நாடு வந்துவிடும். பொம்மையார்பாளையம், கோட்டக்குப்பம் தாண்டினால் மறுபடியும் புதுச்சேரி. எங்கள் தெருவில் மீன் விற்கும் அக்கா ஒருவர் சென்ற ஆண்டு எங்களோடு நடக்க வந்தார். நடை மெல்ல ஓட்டமாகி, இந்த ஆண்டு 10 கிலோமீட்டர் ஓட்டம் ஒன்றுக்குப் பெயரே கொடுத்துவிட்டார். முந்தின நாள் மார்பில் குத்தும் எண் அட்டையை, அதாவது பிப்பை, வாங்கி வந்தவர் கேட்டார்: “தம்பி, பின்னாடி ஏதோ ஒட்டியிருக்கே, பிச்சுப் போட்டுடலாமா?”

பிய்க்கவே கூடாது. அன்று நீங்கள் ஓடியதற்கு அதுதான் சாட்சி.

கையில் எடுத்துப் பார்த்தால்

இரண்டு ஆண்டுகளில் ஓடிய மூன்று ஓட்டங்களின் சிப்கள் என்னிடம் இருக்கின்றன. இரண்டு, பிப்பின் பின்புறம் ஒட்டியவை. ஒன்று, ஷூ கயிற்றில் வளையமாக மாட்டிக்கொள்ளும் பட்டை. மூன்றிலும் பேட்டரி கிடையாது. பிப்பில் ஒட்டிய ஒன்றை விளக்குக்கு நேரே பிடித்தால் மெல்லிய உலோகக் கோடுகள் தெரிகின்றன. அதுதான் ஆன்டெனா. நடுவில் கடுகளவுகூட இல்லாத புள்ளி ஒன்று, அதுவே சிப். மேலே மெத்தென்று ஒரு ஸ்பாஞ்ச் பட்டை ஒட்டியிருக்கிறது.

அந்த ஸ்பாஞ்ச் அழகுக்காக வைத்ததல்ல. நம் உடம்பில் பெரும்பகுதி தண்ணீர்; இந்தச் சிப் பயன்படுத்தும் ரேடியோ அலையைத் தண்ணீர் உறிஞ்சிவிடும். வியர்த்த பனியனோடு ஒட்டிக்கொண்டால் சிப்பின் குரல் அடங்கிப்போகும். உடம்புக்கும் சிப்புக்கும் நடுவே சின்ன இடைவெளி விடத்தான் அந்த ஸ்பாஞ்ச்.

என் செல்போனின் என்எஃப்சி வசதியால் இதைப் படிக்க முயன்றேன், முடியவில்லை. என்எஃப்சி 13.56 மெகாஹெர்ட்ஸில் இயங்குவது, கிட்டத்தட்ட தொட்டால்தான் படிக்கும். பிப் சிப்போ, இந்தியாவில் 865 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைவரிசையில், சில மீட்டர் தள்ளியிருந்தே பதில் சொல்லும்.

சுங்கச்சாவடியின் தம்பி

திண்டிவனம் சாலையில் மொரட்டாண்டி சுங்கச்சாவடியைக் காரில் கடந்தவர்களுக்கு இந்தத் தொழில்நுட்பம் புதிதல்ல. கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேக்கும் இதே குடும்பம்தான். தொடக்கக் கோட்டிலும் முடிவுக் கோட்டிலும் தரையில் ‘மேட்’ என்ற விரிப்பு ஒன்று இருக்கும்; அதற்குள் ஆன்டெனா இருக்கிறது. சில இடங்களில் பக்கவாட்டுக் கம்பங்களிலும் வைப்பார்கள். அந்த ஆன்டெனா அனுப்பும் அலையிலிருந்தே மின்சக்தியை எடுத்துக்கொண்டு, சிப் தன் எண்ணைத் திருப்பிச் சொல்கிறது. சிப்புக்குள் கடிகாரம் இல்லை, உங்கள் பெயரும் இல்லை. எந்த நொடியில் அந்த எண் கேட்டது என்று குறித்துக்கொள்வது, ஆன்டெனாவோடு இணைந்த ரீடர் என்ற கருவி.

1990களில் நெதர்லாந்திலிருந்து வந்த சாம்பியன்சிப் இதன் மூத்த தலைமுறை. ஷூ கயிற்றில் கட்டும் பிளாஸ்டிக் வில்லை அது, ஓடி முடித்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். 1996இல் பாஸ்டன் மராத்தானின் நூறாவது ஓட்டத்தில் 38,000க்கும் மேற்பட்டோர் பதிந்திருந்தார்கள். அத்தனை பேருக்கும் தனித்தனியாக நேரம் எடுக்க உதவியது அந்தச் சிப்தான். இன்று ஒருமுறை பயன்படுத்தி வீசும் காகிதப் பட்டையாக அது மெலிந்துவிட்டது.

கன் டைம், நெட் டைம்

முதல்முறை ஓடுகிறவர் முக்கியமாகப் புரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். தொடக்க ஒலி கேட்டதிலிருந்து நீங்கள் முடிவுக் கோட்டைத் தொடும்வரை கணக்கிடுவது கன் டைம். நீங்கள் தொடக்க மேட்டை மிதித்ததிலிருந்து கணக்கிடுவது நெட் டைம், சிலர் சிப் டைம் என்பார்கள்.

அக்கா கடைசி வரிசையில்தான் நின்றார். கூட்டம் நகர்ந்து அவர் கோட்டைத் தாண்டவே ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. முடிவில் பெரிய கடிகாரம் 1:31:20 காட்டியபோது அவர் முகம் வாடியது. மாலையில் வந்த முடிவுப் பட்டியலில் நெட் டைம் 1:26:05. இடையிலுள்ள 5 நிமிடம் 15 நொடி, அவர் ஓடாமல் காத்துநின்ற நேரம். அதை அவர் கணக்கில் எழுதாததுதான் சிப்பின் நியாயம்.

ஆனால் பரிசுக்கான வரிசை வேறு கணக்கு. உலகத் தடகள விதிப்படி அதிகாரபூர்வ நேரம் கன் டைம்தான்; முதலில் கோட்டைத் தொடுகிறவரே முதல்வர். பாஸ்டன் மராத்தானுக்குத் தகுதி பெறுவதற்கோ நெட் டைமைப் பார்க்கிறார்கள். நீங்கள் ஓடும் ஓட்டத்தில் வயதுப் பிரிவுப் பரிசுக்கு எதைக் கணக்கிடுகிறார்கள் என்று முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சாலையில் சோதித்தது

முதல் ஓட்டத்தில் பிப்பை மார்பில் நாலு ஊக்கு போட்டுக் குத்தினேன். எல்லா மேட்டிலும் பதிவானது. இரண்டாவதில் இடுப்பில் தண்ணீர் பாட்டில் பெல்ட் கட்டினேன், அது பிப்பை மறைத்துவிட்டது. 5 கிலோமீட்டர் இடைநேரம் பட்டியலில் வெற்றிடமாக நின்றது. தண்ணீரும் செல்போனின் உலோகமும் சிப்புக்கு முன்னால் வந்தால் என்ன ஆகும் என்பதை அன்று கற்றுக்கொண்டேன். மூன்றாவது, ஷூ பட்டை. தரை மேட்டுக்கு மிக அருகில் இருப்பதால் குறையே இல்லை. ஆனால் கயிற்றில் கோக்க நேரம் பிடிக்கிறது.

செல்போன் செயலி 10.14 கிலோமீட்டர் காட்டியதே, பாதை தவறா என்று பலர் கேட்கிறார்கள். அங்கீகரிக்கப்பட்ட பாதையை, தூரம் குறைந்துவிடக் கூடாதென்று ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 10 கிலோமீட்டருக்கு 10 மீட்டர், கூட்டியே அளப்பார்கள். அளப்பது வளைவுகளின் மிகக் குறுகிய கோட்டில். கூட்டத்தில் நாம் அப்படி ஓட முடிவதில்லை. ஜிபிஎஸ் பிழையும் சேர்ந்துகொள்கிறது.

சிப்பால் முடியாதது

சிப் கால்களைக் கணக்கிடும், ஆளை அடையாளம் காணாது. தென்னாப்பிரிக்காவின் காம்ரேட்ஸ் ஓட்டத்தில் 1999இல் மோட்சோனெங் சகோதரர்கள் இருவர், வழியிலிருந்த கழிப்பறைகளில் உடுப்பையும் சிப்பையும் மாற்றி மாற்றி ஓடி ஒன்பதாம் இடம் பிடித்தார்கள். அவர்களைக் காட்டிக்கொடுத்தவை புகைப்படங்கள்: ஒரு படத்தில் ஒரு கையில் கடிகாரம், இன்னொன்றில் மறு கையில்.

நம் ஊரில் இது வேறு வடிவத்தில் நடக்கிறது. வர முடியாத நண்பரின் பிப்பை வாங்கி ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். வழியில் நீங்கள் மயங்கி விழுந்தால் மருத்துவக் குழு அந்த எண்ணை வைத்து யாருடைய ரத்த வகையைப் பார்க்கும், யார் வீட்டுக்கு போன் செய்யும்? தயவுசெய்து செய்யாதீர்கள்.

நினைவில் வைக்க வேண்டியவை

பிப்பை மடிக்காதீர்கள், ஊக்கைச் சிப்பின் மேல் குத்தாதீர்கள். மார்பின் முன்பக்கம், எல்லா உடைக்கும் மேலே, தட்டையாக இருக்கட்டும். தொடங்குமுன் மேட்டருகே சுற்ற வேண்டாம். வழியில் விலகிவிட்டால் முடிவு மேட்டைக் கடக்காமல், பொறுப்பாளரிடம் சொல்லிவிடுங்கள். முடிவுக் கோட்டில் கைக்கடிகாரத்தை நிறுத்தக் கையை மார்புக்குக் கொண்டுபோகாதீர்கள். சிப்பும் மறையும், படமும் கெடும். நேரம் வரவில்லையென்றால் அன்றே, பிப் எண்ணோடும் உங்கள் கடிகாரப் பதிவோடும் எழுதுங்கள். காணொளியைப் பார்த்துச் சரிசெய்ய வழி உண்டு.

முடிவாக

பக்கத்திலேயே, 2008இல் தொடங்கிய ஆரோவில் மராத்தானில் பரிசுகள் இல்லை. ஓடும் மகிழ்ச்சிக்காகவே அந்தச் செம்மண் பாதையில் ஓடுகிறார்கள். நேரம் பார்க்காமல் ஓடுவதும் ஓட்டம்தான். ஆனால் நேரம் வேண்டும் என்கிறவருக்கு, அது சரியான நேரமாகக் கிடைக்க வேண்டும். முன்வரிசைக்கு முண்டியடிக்காமல், பின்னால் நிதானமாக நின்று, தன் முதல் அடியிலிருந்து கணக்குத் தொடங்கும் என்ற நம்பிக்கையோடு ஓட வைக்கிறது இந்தச் சிப். புதியவருக்கு நான் தயங்காமல் பரிந்துரைப்பது, சிப் உள்ள ஓட்டத்தையே.

அக்கா அடுத்த ஓட்டத்துக்கும் பெயர் கொடுத்திருக்கிறார். இந்தமுறை பிப் வாங்கி வந்ததும் முதலில் திருப்பிப் பார்த்து, “ஒட்டியிருக்கு தம்பி, சரியா இருக்கு” என்றார்.