இறந்தோரின் எழுதுகோல்கள்: ஓர் ஒலிநூலைக் கேட்டபின்

லோயிஸ் டங்கன் (1934–2016) அமெரிக்காவில் பதின்பருவத்தினருக்கென மர்மக் கதைகள் எழுதிப் பெயர்பெற்றவர். 1974இல் வெளிவந்த அவரது ‘டவுன் எ டார்க் ஹால்’ என்னும் புதினம் 2011இல் இக்காலத்துக்கு ஏற்பத் திருத்தப்பெற்று மறுபதிப்பாக வந்தது, ஒலிநூலாகவும் கிடைக்கிறது, 2018இல் திரைப்படமும் ஆயிற்று. உண்டு உறைவிடப் பள்ளி ஒன்றே கதைக்களம். 19ஆம் நூற்றாண்டிலேயே மிஷனரிமார் விடுதிப் பள்ளிகள் கண்ட பாளையங்கோட்டையும், மதரசா விடுதிகள் நிறைந்த நம் தாமிரபரணிக் கரையும் இத்தகைய கதைக்குச் செவி கொடுக்கத் தக்க இடங்கள்தாம்.

தந்தையை இழந்த கிட் என்னும் பெண்ணை, மறுமணம் செய்துகொண்ட தாய், ஐரோப்பியப் பயணம் புறப்படுமுன் பிளாக்வுட் பள்ளியில் சேர்க்கிறாள். மாளிகை பெரிது, மாணவியரோ நால்வர். தலைமையாசிரியை மேடம் டுரே சேர்க்கைத் தேர்வில் தேடியது, இறந்தோரின் ஆவிக்கு இடங்கொடுக்கும் மனத்தை. ஒருத்தி ஓவியர் தாமஸ் கோலின் கைவண்ணத்தில் தீட்டுகிறாள். மற்றொருத்தி எமிலி பிராண்டியின் கவிதைகளை எழுதுகிறாள். கிட்டின் விரல்களில் உறக்கத்திலேயே இசை பிறக்கிறது. ஆதாயம் தலைமையாசிரியைக்கு. பிள்ளைகளுக்கு மிஞ்சுவது மெலிவும் அச்சமும்.

ஆவிகள் திரும்பி வருவது நம் கொள்கைக்கு ஒவ்வாது என்று நூலை ஒதுக்குவோர் உண்டு. கதையைக் கதையாகக் கேட்போருக்கு அது பொருட்டன்று. நம் குறை வேறு.

மூலத்தில் அச்சம் கடிதங்களின் வழியே வளர்கிறது. கிட் தன் தோழிக்கு எழுதுகிறாள், மறுமொழி இல்லை. எழுதியவை பள்ளியைவிட்டு வெளியேறவே இல்லை என்பது பின்னரே தெரிகிறது. திருத்திய பதிப்பில் கைபேசி புகுந்ததும், அதைச் செயலிழக்கச் செய்யும் சாக்கும் புகவேண்டியதாயிற்று. தொடர்பு கிட்டவில்லை என்பது மின்தடை போன்றதொரு செய்தி. கடிதத்தை ஒருவர் கையால் மறைத்து வைப்பதில் உள்ள வஞ்சகம் அதில் இல்லை.

அடுத்தது, ஓயாத விளக்கம். மர்மம் முற்றும் வேளையில் மேடம் டுரே தன் திட்டத்தைப் பாடம் நடத்துவதுபோல் எடுத்துரைக்கிறாள். தாளில் படிப்பவர் கண்ணை ஓட்டிக் கடந்துவிடலாம். கேட்பவருக்கு அந்த வசதி இல்லை. விளக்கம் சொல்வதே குற்றம் என்பதன்று. சீறாப்புராணத்தைப் பாடி உரை சொன்ன நம் அவைகளில், உரையைக் கேட்டபின் செய்யுளின் பொருள் விரிந்தது. இங்கே விளக்கத்தோடு எல்லாம் அடங்கிவிடுகிறது. என் உறவினர் வீட்டுப் பெண்பிள்ளை ஒருத்தி கேட்டு முடித்துவிட்டு, “இதுக்குத்தானா மாமா இவ்வளவு பயங்காட்டினாங்க?” என்றாள். அதைவிடச் சுருக்கமான திறனாய்வு எமக்கு வாய்க்கவில்லை.

உண்மையில் நூலாசிரியரின் கையில் பெரியதொரு வினா இருந்தது. ஹிஜ்ரி 672இல் மறைந்த இப்னு மாலிக்கின் இலக்கணச் செய்யுள் ஆயிரம் அடிகளை, நம் மதரசாவில் பன்னிரண்டு வயதுச் சிறுவன் மனனமாக ஓதுகிறான். ஏழு நூற்றாண்டுகளுக்கு முன் மறைந்தவரின் சொல் அவன் வாயில் ஒலிக்கிறது. பிளாக்வுட் மாணவியின் நிலைக்கும் இவன் நிலைக்கும் என்ன வேறுபாடு? இவன் உஸ்தாதை இடைமறித்துக் கேட்கலாம். ஓதி முடித்தபின் இஜாஸா பெறுகிறான்; ஆசிரியர் தொடரில் அவன் பெயரும் சேர்கிறது, சொல் அவனுடையதாகிறது. மேடம் டுரேயின் பிள்ளைகளிடம் எவரும் சம்மதம் கேட்கவில்லை. வினா கேட்க இயலாத மதரசா மாணவனும் பிளாக்வுட்டில்தான் இருக்கிறான் என்பதையும் நாம் சேர்த்தே எண்ணவேண்டும். கடுமை காட்டி வளர்க்கப்படும் பிள்ளை பொய்யையும் பாசாங்கையும் கற்றுக்கொள்கிறான் என இப்னு கல்தூன் தம் ‘முகத்திமா’வில் எச்சரித்தது இவ்விடத்தில் நினைக்கத்தக்கது.

கணிதத்தில் நாட்டமுடைய ரூத் என்பவளுக்கு இந்நிலை அச்சத்தோடு ஈர்ப்பாகவும் இருக்கிறது. தானாக எட்டமுடியாத அறிவு தன்வழியே வருமாயின் அதை எப்படி மறுப்பது? கதையின் உயிர்நிலை இதுவே. ஆசிரியரோ அதைத் தொட்டுவிட்டு நகர்கிறார். பின்னர் மாளிகை தீப்பற்றிக் கதை முடிகிறது. பழி ஆவிகளின்மேல் பாதி விழுவதால், உயிரோடிருக்கும் ஆசிரியையிடம் கேட்கவேண்டியவை கேட்கப்படாமலே போகின்றன. வீட்டைப் பிரிந்து விடுதியில் உறங்கும் பிள்ளை அஞ்சுவது ஆவிக்கன்று. கதவடைத்தபின் பெரியவரின் அதிகாரத்துக்குச் சாட்சி யார் என்பதற்கே.

நெல்லையில் வாழ்ந்து மறைந்த தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’யில் (1988) ஊருக்குள் வரும் ஆங்கிலப் பள்ளியைக் கண்டு ஊர்ப் பெரியவரே அஞ்சுகிறார். அங்கே அச்சத்துக்குக் காரணமும் முகமும் உண்டு, ஆவி தேவைப்படவில்லை.

டங்கனின் 1974ஆம் ஆண்டுப் பதிப்பு பழைய புத்தகக் கடையில் கிடைத்தால் வாங்கிப் படிக்கலாம்; கடிதங்களுக்காகவேனும். ஒலிநூலுக்கென ஓர் இரவை ஒதுக்கவேண்டியதில்லை.