தறிச் சத்தத்தைத் தாண்டும் குரல்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துத் தெருவில் பிரசார ஆட்டோ நுழைந்தால் முதலில் வருவது பாட்டு. வேட்பாளர் பெயர் அப்புறம்தான். குழித்தறியில் உட்கார்ந்து நெய்கிறவர் இதற்காக எழுந்து வாசலுக்கு வரமாட்டார். வரவேண்டிய அவசியமும் இல்லை. தறிச் சத்தத்தைத் தாண்டிப் பாட்டே உள்ளே போய்விடும்.

இந்த வேலைக்கென்றே வாய்த்த குரல் நாகூர் ஈ.எம்.ஹனிபாவுடையது. 'அழைக்கின்றார் அண்ணா' அவர் பாடியதுதான். எடுத்த எடுப்பிலேயே உச்சத்தைப் பிடிப்பார். ஓர் எழுத்துகூட மழுங்காது. மென்மையான குரல்களைக் கூம்பு ஒலிபெருக்கி கரகரப்பாக்கிக் கெடுத்துவிடும். ஹனிபாவின் குரலோ அதில்தான் இன்னும் கணீரென்று கேட்கும். அவருடைய இஸ்லாமிய பக்திப் பாடல்களிலும் அதே கம்பீரம்.

பாட்டு ஓட்டாகுமா? அண்ணா தன் சொந்த ஊரான இதே காஞ்சிபுரத்தில் 1962இல் தோற்றார். கூட்டம் சேர்ப்பதோடு பாட்டின் பொறுப்பு முடிந்தது.

இப்போது சினிமா மெட்டில் சின்னத்தையும் பெயரையும் திணித்து, கீபோர்டை அலறவிடுகிறார்கள். எனக்கு ஒட்டவில்லை. தெருப் பிள்ளைகளுக்கு அந்தக் குறையெல்லாம் இல்லை; எல்லாக் கட்சிப் பாட்டையும் மனப்பாடமாகப் பாடுகிறார்கள். ஓட்டு இல்லாதவர்களுக்குக் கட்சி பேதம் எதற்கு?