அச்சுக்கட்டைத் துணிகள்: மரபுகளும் தரமும்

மரக்கட்டையால் துணியில் பூவும் கொடியும் அச்சிடுவது இந்தியாவின் பழந்தொழில்களில் ஒன்று. பழைய கெய்ரோவான ஃபுஸ்தாத்தில் கிடைத்த இடைக்கால அச்சுத்துணித் துண்டுகளில் பல குஜராத்திலிருந்து கப்பலேறியவை. தொழில் ஒன்றானாலும் ஊருக்கு ஊர் மரபு வேறு. அந்த வேறுபாடு பூவின் வடிவில் தெரிவதைவிடத் துணியின் தளத்திலும் சாயமேற்றும் முறையிலும்தான் அதிகம்.

இதில் சாயத்தைவிட முக்கியமானது அதைப் பிடித்துவைக்கும் நிறமூன்றி. கடுக்காய்ச் சாற்றில் தோய்த்துக் காயவைத்த துணி வெளிர்மஞ்சளாகும். துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் நாள்கணக்கில் ஊறவைத்த கரைசலை அதன்மேல் அச்சிட்டால், கடுக்காய்த் துவர்ப்போடு சேர்ந்து அந்த இடம் கறுத்துவிடும். படிகாரம் பட்ட இடத்திலோ முதலில் ஒன்றும் தெரியாது. மஞ்சிட்டி வேர் போட்ட கொப்பரையில் வேகும்போதுதான் சிவப்பு எழும். அவுரி நீலம் இந்த வழிக்கு வராது. துணியைத் தொட்டியில் முக்கித்தான் அதை ஏற்ற வேண்டும். ஆகவே நீலம் படக்கூடாத இடங்களை முன்கூட்டியே மூடிவிடுகிறார்கள்.

ஜெய்ப்பூரை ஒட்டிய சாங்கானேர், வெள்ளைத் தளத்தில் நுண்ணிய பூச்செடிகளுக்குப் பேர்பெற்றது. வெள்ளையில் எந்தப் பிசகும் மறையாது என்பதால் அங்கே கைச்சுத்தம் கூடுதலாக வேண்டும். அதே வட்டாரத்துப் பாக்ருவில் தளம் பழுப்பேறியது. கறுப்பும் சிவப்பும் ஆட்சி செய்யும். சேறு, சுண்ணாம்பு, பிசின், பூச்சி அரித்த கோதுமைத் தூள் ஆகியவற்றைக் குழைத்து அச்சிட்டு, மேலே மரத்தூள் தூவி நீலத்தில் முக்கும் ‘தாபு’ முறை அவ்வூரின் தனிச்சிறப்பு.

மரபுகளில் கடினமானது கச்சுப் பகுதியின் அஜ்ரக். சுண்ணாம்பும் பிசினும் கலந்த பசையால் மறைத்து, நீலமும் சிவப்பும் மாறிமாறி ஏற்றுவார்கள். உயர்ந்த ரகத்தில் துணியின் இருபுறமும் ஒன்றன்மேல் ஒன்று பிசகாமல் அச்சு விழும். 2001 நிலநடுக்கத்துக்குப் பின் தமட்கா கிராமத்து அச்சுக் குடும்பங்கள் பல, அஜ்ரக்பூர் என்ற புது ஊரை அமைத்துக் குடியேறின. பழைய ஊர்த் தண்ணீரில் இரும்பு மிகுந்து சாயத்தைக் கெடுத்ததும் அதற்கு ஒரு காரணம்.

ஆந்திரத்தில் காளஹஸ்தி எழுதுகோலை நம்பியது. மசூலிப்பட்டினமும் அருகிலுள்ள பெடனாவும் கட்டையை நம்பின. பாரசீகச் சந்தைக்காக அச்சிட்ட கொடிப்பின்னல்கள் மசூலிப்பட்டினத்தில் இன்றும் தொடர்கின்றன. சோழமண்டலக் கரையில் சிவப்புக்கு மஞ்சிட்டியைவிடச் சாயவேரே பெயர்பெற்றது. இந்தியத் துணிகளின் மோகம் தாங்காமல் 1686இல் பிரான்சும் 1721இல் இங்கிலாந்தும் அச்சிட்ட பருத்திக்குத் தடை போட்டன.

தரத்தின் முதல் படி கட்டை. நன்கு உலர்ந்த தேக்கில் செதுக்கி, நெளியாதிருக்க எண்ணெயில் ஊறவைப்பார்கள். காற்று வெளியேறத் துளையும் இடுவார்கள். குஜராத்தின் பெத்தாபூர் இச்செதுக்கலுக்குப் பெயர்பெற்ற ஊர். அடுத்தது அலசல். அதில் அவசரப்பட்டால் நிறம் மங்கும்.

திரை அச்சு மலிந்த சந்தையில் துணி வாங்குபவர் கட்டை சேரும் இடங்களைப் பார்க்க வேண்டும். அவை நூலளவு கூடியும் குறைந்தும் இருந்தால் கை அச்சு. எல்லாம் அச்சு அசலாக ஒன்றுபோல் இருந்தால் சந்தேகப்படலாம்.