"எங்கட சாமான் எங்க, சேர்?"
கண்டிப் பகுதி நூதனசாலைகள் பற்றி ஒரு விமர்சனக் குறிப்பு

கண்டி தேசிய நூதனசாலையைப் பார்த்துவிட்டு வெளியே மர நிழலில் நின்றபோது, உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள்: "எங்கட சாமான் எங்க, சேர்?"

ஆசிரியன் அல்லவா, உடனே பாடம் தொடங்கிவிட்டேன். 1626இல் போர்த்துக்கேயர் துரத்திய முஸ்லிம்களுக்குச் செனரத் மன்னன் அடைக்கலம் கொடுத்ததையும், நாலாயிரம் பேர் வரை மட்டக்களப்புப் பக்கம் குடியேற்றப்பட்டதையும், அரண்மனையில் நம் வைத்தியர்கள் இருந்ததையும் சொன்னேன். பிள்ளை பொறுமையாகக் கேட்டாள். பிறகு, "அது கதை, சேர். நான் சாமானக் கேட்டன்" என்றாள்.

அந்தக் கேள்வியோடுதான் இதை எழுதுகிறேன்.

அந்த நூதனசாலை இருப்பது பல்லே வாகலையில். தலதா மாளிகைக்குப் பக்கத்தில், ஒருகாலம் அரசிகள் வாழ்ந்த மனை அது. ஆயுதம், ஆபரணம், வழிபாட்டுப் பொருள், 1815 உடன்படிக்கையின் பிரதி என்று நல்ல சேகரம். அதைக் குறை சொல்ல மாட்டேன். கண்டி பல இனத்தார் கலந்த ஊர் என்பதற்கு அந்த உடன்படிக்கையே சாட்சி. பதவியிழந்த மன்னன் தென்னிந்திய நாயக்கர் வழி; ஒப்பமிட்ட பிரதானிகளில் சிலர் தமிழெழுத்தில் கையெழுத்து வைத்தவர்கள். ஆனால் இந்தக் கலப்பெல்லாம் அரசவை மட்டத்துக் கலப்பு. அரண்மனைச் சாமான் அரண்மனைக் கதையைத்தான் சொல்லும். அங்கே சமைத்த சோற்றுக்கு உப்பு எந்த வழியால் வந்தது என்று அது சொல்லாது.

அந்த உப்பைக் கொண்டு வந்ததில் நம்மவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. புத்தளக் கரையிலிருந்து உப்பும் கருவாடும் பொதிமாட்டில் ஏற்றி மலைக்கு வந்தார்கள். திரும்பும்போது பாக்கு ஏற்றிப் போனார்கள். இந்த மாட்டு வரிசைக்குத் தவளம் என்று பெயர். மன்னர் ஆட்சியில் இதற்கென்றே 'மடிகே பத்த' என்ற போக்குவரத்துப் பகுதி இருந்தது. கலகெதரப் பக்கம் போனால் மடிகே என்று ஊர்ப் பெயரே இருக்கிறது. பஸ்ஸில் "மடிகே இறக்கம்" என்று சொல்லி இறங்குகிற எத்தனை பேருக்கு அது தன் பாட்டனின் தொழில்பெயர் என்று தெரியும்? வெள்ளைக்காரன் ரோட்டுப் போட்டான். 1867இல் ரயிலும் கண்டிக்கு வந்தது. பொதிமாட்டின் காலம் முடிந்தது. அதே 1867இல்தான் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை போட்டார்.

அந்தத் தேயிலைக் கதையைப் பார்க்க ஹந்தானைக்கும் போனோம். 1925இல் கட்டிய தொழிற்சாலைக் கட்டடத்தில் தேயிலை நூதனசாலை வைத்திருக்கிறார்கள். இயந்திரங்கள் பளபளக்கின்றன. டெய்லருக்கும் லிப்டனுக்கும் மரியாதை குறையவில்லை. கொழுந்து தானாகவே நடந்து தொழிற்சாலைக்கு வந்ததோ என்று ஒரு பிள்ளை கேட்டுச் சிரித்தாள். மேல்மாடியில் தேத்தண்ணீர் நல்லம்.

மனதில் நின்றது மூன்றாவது இடம். கம்பளைப் பக்கம் பழைய பீகொக் தோட்டத்தில் சமூக அபிவிருத்தி நிறுவகம் 2007இல் அமைத்த தொழிலாளர் நூதனசாலை. லயக் காம்பராவே காட்சிக்கூடம். கம்பளைக்கும் இந்தக் கதைக்கும் பழைய சம்பந்தம் உண்டு. 1824இல் ஜோர்ஜ் பேர்ட் கோப்பித் தோட்டம் போட்ட சிங்ஹாபிட்டிய அங்கேதான். உள்ளே வீட்டுப் பாத்திரம், வேலைக் கருவி, நகை, தப்பு, பழைய கடுதாசிகள். ஒன்றுமே விலை பெறாது. பார்த்துக்கொண்டு நின்றால் தொண்டை அடைக்கிறது. மன்னார்க் கரையிறங்கிக் காட்டு வழியே நடந்து வந்தவர்கள், 1948இல் ஒரு சட்டத்தால் நாடற்றவர் ஆனவர்கள், தங்கள் வறுமையை வெட்கப்படாமல் எடுத்து வைத்திருக்கிறார்கள். குறையும் உண்டு. புகை படியாத, சனநெருக்கம் இல்லாத லயத்தைப் பார்த்து லயத்தை விளங்கிக்கொள்ள முடியாது. லயத்து வாசலுக்கு வந்துபோன வெளியாள், கடைக்காரன், புடவைக்காரன் பற்றி எனக்கு இன்னும் வேண்டியிருந்தது. அந்தப் புடவைக்காரனில் பாதிப் பேர் நம் ஆள்கள்.

அவர்களால் முடிந்தது நம்மால் ஏன் முடியவில்லை? காசு இல்லாமலா? நம்மவர் கட்டிய கட்டடங்களைப் பார்த்தால் அப்படிச் சொல்ல முடியாது. காரணம் வேறு என்று நினைக்கிறேன். 1888இல் பொன்னம்பலம் இராமநாதன் சோனகர் இனத்தால் தமிழரே என்று கட்டுரை வெளியிட்டார். 1907இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் மறுத்து எழுதினார். சட்டசபை ஆசனமும் அதில் சம்பந்தப்பட்டிருந்தது. மறுக்க வேண்டிய தேவை இருந்தது. ஆனால் அன்று கோட்டில் ஏறிய நாம் இன்னும் கூண்டைவிட்டு இறங்கவில்லை. 1915 வந்தது, 2018 மார்ச்சில் திகன வந்தது. ஒவ்வொரு தடவையும் ஆதாரம் காட்டச் சொன்னார்கள், நாமும் காட்டினோம். அரபு வம்சம், அரச வைத்தியர், மன்னர் கொடுத்த காணி. லோர்னா தேவராஜாவின் 1994ஆம் ஆண்டு நூல் நமக்குப் பெரிய கொடை. அதிலும் நாம் மேடையில் எடுத்துச் சொல்வது அரசவைப் பக்கங்களைத்தான், மாட்டுக்காரன் பக்கத்தை அல்ல. கண்டியில் பிறந்த சித்திலெப்பை 1885இல் எழுதிய அசன்பே சரித்திரம்கூட எகிப்தைத்தான் பெரிதும் களமாகக் கொண்டது. அறபி பாஷா இங்கே நாடுகடத்தப்பட்டிருந்த காலம். அந்தப் பார்வை விளங்குகிறது. ஆனாலும் கண்டித் தெருவில் தவளமணி கேட்டு வளர்ந்திருக்கக்கூடிய ஒரு மனிதர் நமக்கு அந்தச் சத்தத்தை எழுதித் தராமல் போனது நட்டம்தான்.

நல்ல சாட்சிக்காக மட்டும் சேர்க்கிற சாமான் நூதனசாலைக்கு ஆகாது, வக்கீலின் பைலுக்குத்தான் ஆகும். நம் புடவைப் பொட்டணியை வைத்தால் கடன் கொப்பியையும் பக்கத்தில் வைக்க வேண்டிவரும். சம்பளநாள் பார்த்து லயத்துக்குப் போன என் மூத்தவாப்பா நல்ல மனிதர். கல்யாணப் புடவையைக் கடனுக்குக் கொடுத்தவர். வசூலுக்குப் போய் வெறுங்கையோடு திரும்பியதும் உண்டு, குத்துவிளக்கோடு திரும்பியதும் உண்டு என்று உம்மா சொல்வா. அந்த விளக்கு எங்கட வீட்டில் எதற்கு என்று சின்ன வயதில் நான் கேட்கவில்லை.

அடுத்த கிழமை அந்தப் பிள்ளை பழைய பத்திரிகையில் சுற்றி ஒரு சாமான் கொண்டு வந்தாள். புடவை அளக்கிற இரும்பு யார்க் கம்பு, கூடவே நீள மட்டைக் கொப்பி ஒன்று. பக்கத்துக்குப் பக்கம் தோட்டத்து ஆள்களின் பெயர், பக்கத்தில் தொகை. சில பெயர்கள் வெட்டியிருந்தன. பல பெயர்கள் வெட்டப்படாமலே இருந்தன.

"பள்ளிக்கூடத்துல காட்டலாமா, சேர்? கம்பக் காட்டு, கொப்பிய மட்டும் காட்டாத எண்டு உம்மும்மா சொல்றா."

இரண்டையும் வாங்கி என் அலுமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். உம்மும்மாவைப் போய்ப் பார்த்துக் கதைக்க வேண்டும்.